முந்நூறு சொற்களுக்குள்

சேர்க்காட்டுப் பல்கலைக்கழகத்தில்
ஒற்றைக் குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது அறிவிப்பு.
பெண்ணும் பாலினமும்: பன்னாட்டுக் கருத்தரங்கு.
ஆய்வுச்சுருக்கம் முந்நூறு சொற்களுக்குள்.
கடைசி நாள் வெள்ளி.
பதிவுக் கட்டணம் நூற்றெண்பது யூரோ.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன்.
கோட்டீஸ்வரிக்கு ஒன்றரை மாதச் சம்பளம்.

கோட்டீஸ்வரி என்று எழுதக் கூடாது,
நெறிமுறைக் குழுவின் உத்தரவு.
துத்திப்பட்டு ஷூ கம்பெனி, மேல்தோல் வரிசை,
பதினோராம் மிஷின், வயது முப்பத்தாறு:
இதிலும் பாதியை அழிக்க வேண்டும்.
"மாத்துப் பேரு ஒண்ணு நீங்களே சொல்லுங்கக்கா."
கருவாட்டுத் தலையைக் கிள்ளியபடி யோசித்தாள்.
"மேனேஜர்னு போடு."
அவள் சிரிக்கவில்லை.
படிவத்தில் அப்படியே எழுதினேன்.

மூன்று ஞாயிறு. ஆறரை மணி நேர ஒலிப்பதிவு.
நடுவில் குக்கர் விசில்,
ரீசார்ஜ் கேட்டு வந்து நிற்கும் மகன்,
பக்கத்து வீட்டுச் சண்டை முழுசாக ஒன்று.
கழிவறைக்கு டோக்கன். ஏழு நிமிஷம்.
நாற்பது பேர் வரிசைக்கு இரண்டே டோக்கன்.
அதனால்
காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால்
தண்ணீர் பாட்டில் மூடியைத் தொடுவதில்லை யாரும்.
டோக்கனுக்கு நீட்டிய கையை
சூப்பர்வைசர் எவ்வளவு நேரம் விடவில்லை என்று
சொல்ல வந்தவள்
ரெக்கார்டரை அணைக்கச் சொன்னாள்.
அணைத்தேன்.
அது எந்த முந்நூறிலும் சேராது.

வியாழன் இரவு ஆயிரத்து நூறு சொல் இருந்தது.
"ஆகவே"க்களை வெட்டினேன்.
கருவாட்டை வெட்டினேன்.
பாலாற்றை வெட்டினேன்,
ஏற்கெனவே தண்ணீர் இல்லாதது, சுலபமாக இருந்தது.
முந்நூற்று நான்கில் வந்து முட்டிக்கொண்டது.
"தண்ணி குடிக்கவே பயமா இருக்கும்."
எண்ணினால் சரியாக நாலு சொல்.
கை அங்கே போய்ப் போய்த் திரும்பியது.
கடைசியில்
என் ஆய்வுமுறையில் நாலைக் கழித்தேன்.

ஏற்றுக்கொண்டார்கள்.
பயண உதவித்தொகைக்கு மட்டும் வருந்தினார்கள்.
இணையவழி பேசலாம், பாதிக் கட்டணம்,
பன்னிரண்டு நிமிடம், நம் நேரம் இரவு இரண்டு நாற்பது.
எடுத்த பாஸ்போர்ட்டைத் திரும்ப
பாலிதீன் உறையில் போட்டு பீரோவில் வைத்தாள் அம்மா.
கோட்டீஸ்வரி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்:
"பன்னெண்டா? ரெண்டு டோக்கன்கூட இல்லியே."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அவங்க காலப் பாரு.
குதிகால் பக்கம் ரெட்டைத் தையல் ஓடியிருந்து
முடிச்சு உள்ள திரும்பியிருந்தா
அது நம்ம லைன்.
ஒருவேள நான்."

சான்றோர்குப்பம், எங்கள் மொட்டைமாடி.
அங்கேதான் நாலு கோடு சிக்னல் கிடைக்கும்.
கொசுவத்தி, போர்வை, மடியில் லேப்டாப்.
"மேனேஜர் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்,
"தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கும் என்று."
ஒன்பது சதுரங்களில் ஒன்று நிமிர்ந்தது.
மன்னிக்கவும், எந்த நிலை மேலாளர்?
பதினோராம் மிஷின் என்றேன்.
குறித்துக்கொண்டார்கள்.

புத்தக அலமாரிகள், ஒரு பூனை, ஒரு காபிக் கோப்பை.
எல்லாரும் மார்போடு முடிந்திருந்தார்கள்.
நான் திரையின் அடி விளிம்பையே
பார்த்துக்கொண்டிருந்ததில்
நன்றி சொல்ல மறந்துபோனது.

ஆறே முக்காலுக்குத் தூங்காத கண்ணோடு
பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "பாத்தியா?"
"கால் தெரியலக்கா. எல்லாம் அவங்கவங்க வீட்லேர்ந்து பேசினாங்க."
கொஞ்சம் யோசித்தாள்.
"வீட்டுக்குள்ள எவ ஷூ போடுவா"
என்று அவள் சொல்லும்போதே
பஸ் கியர் மாற்றிவிட்டது.