காலை எட்டரை

துணுக்காய் கமநல நிலைய முற்றத்தில்
மழைமானி நிற்கிறது,
பித்தளை வாயை ஆவென்று திறந்தபடி.
குடுவையைத் தூக்கிப் பார்க்கிறேன்.
உள்ளே ஒரு எறும்பு.
அதை எத்தனை மில்லிமீற்றர் என்று எழுத?

புரட்டாசி இருபத்திமூன்று.
றேடியோ சொல்கிறது:
வடக்கில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு
சில இடங்களில் மழை பெய்யலாம்.
அந்தச் சில இடங்கள் எவையென்று
என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

நான் விழுந்ததை அளப்பவள்.
விழப்போவதற்கு என்னிடம் அடிமட்டம் இல்லை.
சொன்னால் குலசிங்கத்தார் சிரிக்கிறார்.
நாலு ஏக்கர் புழுதியில் விதைத்துவிட்டு
சைக்கிளில் ஒற்றைக் கால் ஊன்றி நிற்கிறார்.
பத்து நாளுக்குள் வராவிட்டால்
நெல்லு புறாவுக்கு,
கடன் அவருக்கு.

நேற்றிரவு முறிகண்டிப் பக்கம் மின்னியது.
சத்தமில்லை.
சோளகம் நின்று ஐந்து நாள்;
பாலை மரத்தில் ஒரு இலை அசையவில்லை,
சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.
விதைநெல்லுக்குச் சங்கிலியை அடகு வைத்த சத்தியவாணி
வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.
என் முகத்தைப் பார்க்கிறாள்.
முகத்தைச் சும்மா வைத்திருக்க
நான் இந்த வேலையில்தான் பழகினேன்.

பூச்சியம் தசம் பூச்சியம்.
கையெழுத்து.
கொழும்புக்குச் செய்தி போயிற்று.

எறும்பைத் தட்டிவிடக் குனிந்தபோதுதான் கண்டேன்,
வாயில் ஒரு முட்டை,
அரிசிக் குறுணி அளவு, வெள்ளையாய்.
பதிவேட்டில் அதற்கு நிரல் இல்லை.

வீட்டுக்கு வந்து
சாக்கின் தையலைப் பிரித்தேன்.
ஒன்றரை ஏக்கர்.
ஆரும் கேட்டால்
இன்னும் யோசிக்கிறன் என்று சொல்லலாம்.