நடுக்கம்பி

பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி.
மலிவு என்று வாங்கினேன்,
உள்ளே பார்க்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.
தூசு. காற்றாடி. ஒருமுறை ஒரு பல்லிக்குஞ்சு.

ஸ்ரான்லி வீதியில் கடை வைத்திருக்கிற ரூபகாந்தன்
மதர்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதில அந்த லைற்றுக்கு இடமில்லைத் தங்கச்சி.
பழசு. போட்டை மாத்தினால்தான்."
மாற்றுகிற காசுக்கு
நான் நாலு கலியாண வீடியோ வெட்ட வேணும்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன், இடம் இருந்தது.
நாலு முள், பன்னிரண்டு வோல்ட்.
பட்டியின் செருகியில் மூன்று துளை, ஒன்று அடைப்பு.
ஏன் அடைத்தார்கள் என்று கேளாமல்
ஊசியைச் சுடவைத்துக் குத்தித் திறந்தேன்.
ஐந்து வோல்ட்டுக்குப் பிறந்தவை
பன்னிரண்டைக் கண்டு
ஒரேயொருமுறை வெள்ளையாய்ச் சிரித்தன.
பிறகு மணம்.
இரண்டாயிரத்து நானூறு ரூபா.
"அங்க என்ன கருகுது நளா?"
குசினிக்குள்ளிருந்து பவதாரணி மச்சாள்.

இரண்டாவது பட்டி வந்த கிழமை
மூன்று கம்பிகளின் குணம் படித்தேன்.
ஒன்று சாப்பாடு. ஒன்று தரை.
நடுவில் போவதுதான் பேச்சு.
சாப்பாட்டுக்குக் குறைவில்லை,
சாட்டா வயரில் ஐந்து வோல்ட் சும்மா கிடக்கிறது.
பேசத்தான் ஆளில்லை.
பெருவிரல் அகலத்தில் ஒரு பலகை வாங்கி
போன் சார்ஜரில் கொழுவி
எனக்குத் தெரிந்த மட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.

ஒன்றும் சரியாக எரியவில்லை.
இரண்டின் தரையையும் இணைக்க மறந்திருந்தேன்.
தரை ஒன்றாக இல்லாவிட்டால்
எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும்
அந்தப் பக்கத்தில் அது இரைச்சல்.
இதை நான் அரசியலாய்ச் சொல்லவில்லை.
மின்சாரமாய்ச் சொல்கிறேன்.

பிறகு எரிந்தது, பத்து மட்டும்.
ஒவ்வொரு விளக்கும் தனக்கு வந்ததை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அடுத்ததிடம் கொடுக்கும்,
பருத்தித்துறை மினிபஸ்ஸில் மிச்சக்காசு
கைமாறிக் கைமாறிப் பின்சீற்றுக்குப் போவதுபோல.
பதினோராவது ஆள் நித்திரை.
கத்தரிக்கோலால் அவரை இறக்கிவிட்டு
இரண்டு பக்கத்தையும் ஈயத்தால் ஒட்டினேன்.
அறுபது, ஐம்பத்தொன்பது ஆயிற்று.

சிவப்புக் கேட்டேன், பச்சை தந்தது.
கைதடிக் கலியாணத்தின் கூறைச்சேலையிலிருந்து
எண் எடுத்துக் கொடுத்த சிவப்பு அது.
அறை முழுக்க வாழையிலை நிறம்.
பச்சையை முதல் சொல்ல வேணுமாம், சிவப்பு அதற்குப் பிறகாம்,
இந்த விளக்குகளின் எழுத்துக்கூட்டு அப்படி.
வரிசையை மாற்றினேன்.
மணப்பெண் திரும்பி வந்தா.

"உது என்னத்துக்கு?"
மச்சாள் வாசலில், கையில் ஈரம்.
"உள்ளுக்க எரிஞ்சு ஆருக்கு லாபம்?"
அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
ரூபகாந்தன் விற்கிற ரிமோட் பெட்டியில்
வானவில் ஓடும், அவ்வளவுதான்.
ஆனால் இங்கே நடுக்கம்பியில் பேசுகிறது நான்.
எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

ஒரு கலியாணம் கோத்து முடிய ஐந்து மணித்தியாலம்.
இவ்வளவு நாளும் நித்திரைக்குள் எழும்பி எழும்பிப் போய்ச்
சதவீதம் பார்த்துவிட்டு வருவேன்.
பலகையை யூஎஸ்பியில் கணினியோடு கோத்து
முடிந்த அளவுக்கு விளக்கு என்று எழுதினேன்.
இப்போது பாயில் படுத்தபடியே எண்ணலாம்.
இருபதில் பொன்னுருக்கல்.
நாற்பத்தொன்றில் தாலி.

ஐம்பத்திரண்டில் கரண்ட் போனது.
ஊர் முழுக்க இருட்டு.
யூபிஎஸ் கத்துகிறது, பத்து நிமிசம் தாங்கும்,
தாங்கினால்.
கண்ணாடிக்குள் மட்டும் அந்தக் கூறை நிறம்.

"எத்தினை மிச்சம்?" அடுத்த பாயிலிருந்து மச்சாள்.
"ஏழு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஆறு," என்றா.