நோக்கம் என்ற கட்டம்

தேவகோட்டைக் கோர்ட்டு வாசலில்
புளியமரத்துக்குக் கீழே என் மெஷின்.
கிரயம், அடமானம், ஆட்சேபணை,
ஒரே வீட்டைப் பதினெட்டாக அறுத்த பாகப்பிரிவினை
எல்லாம் அடித்திருக்கிறேன்.
சங்கம் அடித்ததில்லை.

ஆறு பேர் வந்தார்கள், வேலைநாள் பகலில்.
காரைக்குடியில் அடித்தால்
மை காயுமுன் முதலாளி காதுக்குப் போய்விடுமாம்.
முழங்கை வரை எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
சிங்கப்பூர் போகிற சீப்புச் சீடையும் மனகோலமும்
இந்தக் கைகள் பிழிந்தவை.
டப்பாவின் மேல் வரைந்திருப்பது வேறு கை,
வளையல் போட்ட, புள்ளியில்லாத கை.

'ஏழு பேர் வேணுமே' என்றேன்.
'தெரியும். பூமயில் வர்றா. பஸ்ஸு கெடைக்கல.'

சங்கத்தின் பெயர்? சொன்னார்கள்.
விலாசம்? அடைக்கலமேரியின் வாடகை வீடு.
வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
நோக்கம்?

'ஒண்ணுக்குப் போகணும்' என்றாள் ராக்காயி.
கோர்ட்டுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினேன்.
'இப்ப இல்லீங்க. அங்கெ.
அறுபத்திரண்டு பேருக்கு ரெண்டு டோக்கன்.
அதுதான் நோக்கம். அடிங்க.'

அடித்தேன்:
பணியிட அடிப்படை வசதிகளை மேம்படுத்த ஆவன செய்தல்.
வாசித்தும் காட்டினேன்.
'இது யாரோட சங்கம்?' என்றாள் ஒருத்தி.

முப்பது வருஷமாக
அழுதபடி வந்தவர்களையெல்லாம்
'மனுதாரர் மிக்க மனவுளைச்சலுற்று' என்று
உலர்த்திக் கொடுத்தவன் நான்.
பதிவாளர் திருப்பி அனுப்புவார் என்றேன்.

'அனுப்பட்டும். மறுபடி வருவோம்.
சங்கம் வச்சுக்கலாம்னு சட்டத்துல இருக்குல்ல?'
'இருக்கு.'
'அதை எழுதுனவுகளும் ஒண்ணுக்குப் போனவுகதானே?'

புதுத் தாள் செருகினேன்.
அவள் சொன்னபடியே அடித்தேன், டோக்கன் கணக்கோடு.
ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.
எங்கிருந்தோ காற்று.
பறக்கப்போன தாளின் மேல்
ராக்காயி இடுப்பிலிருந்து எடுத்து வைத்தாள்:
மஞ்சள் பிளாஸ்டிக் வட்டம். எண் இரண்டு.

'அடிப்பாவி, எடுத்தாந்துட்டியா?'
'நேத்து திருப்பித் தரலை.'
சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது.
இன்றைக்கு அங்கே
ஐம்பத்தைந்து பேருக்கு ஒரே டோக்கன்.
ராக்காயி சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பூமயில் ஓடி வந்தாள்.
பேனாவை நீட்டினேன்; வாங்கவில்லை.
மூச்சு இரைக்க, 'இங்கெ எந்தப் பக்கம்ண்ணே?'

கோர்ட்டுக்குப் பின்பக்கம் கையைக் காட்டிவிட்டு,
ஏழாவது கோட்டின் மேல்
ஒரு விரலை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.