ஐம்பது வெள்ளி முன்பணம்

லாபிஸில் இரண்டு இரவு.
திரையில் மூன்று விலை:
இப்போதே கட்டினால் எண்பத்தெட்டு,
விடுதியில் கட்டினால் நூற்றுப் பதினெட்டு,
மனம் மாறலாம் என்றால் நூற்று முப்பத்தைந்து.
மனம் மாறுவதற்கு இவ்வளவு மலிவாக
இதுவரை யாரும் எனக்கு விலை சொன்னதில்லை.
இருந்தும் எண்பத்தெட்டைத்தான் அழுத்தினேன்.

கணக்குப் பிரிவு மிஸ் யோங்
ஓர் இரவுக்கு நூறு வெள்ளிதான் தருவார்.
அதுவும் ரசீது கம்பெனி பெயரில் இருந்தால்.
செண்டிரியான் பெர்ஹாட் என்ற வால் விடுபட்டதால்
போன மாதம் குளுவாங்கில் நான் உறங்கியதை
இன்னும் அவர் நம்பவில்லை.

என் வேலை எடைமேடைகளைச் சரிபார்ப்பது.
செம்பனை ஆலை வாசலில்
குலை ஏற்றிய லோரி ஏறி நிற்குமே, அந்த மேடை.
வண்டியின் பின்னால் இருபது கிலோக் கட்டிகள் ஐம்பது,
முத்திரை குத்தியவை.
இது இவ்வளவுதான் என்று
நான் சத்தியம் செய்யக்கூடிய பொருள்கள்
அவை மட்டுமே.

சிகாமட் தாண்டும்போது ஆலையிலிருந்து அழைப்பு.
கொதிகலன் வெடிப்பு விட்டிருக்கிறது,
புதன் வேண்டாம், வெள்ளி வாங்க.
வெள்ளி வரச் சொன்னதும்
என் வெள்ளி போனது.
திருப்பித் தரப்படாது என்ற பொடி எழுத்து
அப்போதுதான் கண்ணில் பட்டது,
சாலையோரம், டுரியான் லோரிக்குப் பின்னால் நிறுத்தி.

வங்சா விடுதி. கீழே டயர் கடை.
முகப்பில் பிரேமளா
கணினியைத் திருப்பிக் காட்டுகிறாள்:
"நீங்க கட்டினது எங்களுக்கு வரலக்கா.
அவங்க ஒரு கார்டு நம்பர் அனுப்புவாங்க,
அது நாளைக்குத்தான் திறக்கும்."
என்னிடமிருந்து போய்விட்டது,
அவளிடம் சேரவில்லை.
லோரி ஏறிய எடை ஒன்று, இறங்கிய எடை ஒன்று என்றால்
வழியில் யாரோ குலை இறக்கியிருக்கிறார்கள் என்போம்.
பணத்துக்கு அப்படிச் சொல்ல முடியாதாம்.

"முன்பணம் ஐம்பது.
கார்டுல வச்சா விடுபட பத்து நாளாகும்.
ரொக்கமாக் குடுங்க."
மூலை கிழிந்து ஒட்டுத்தாள் போட்ட தாளைக் கொடுத்தேன்.

பக்கத்தில் ஒருவர், கையில் பற்றவைப்பு முகமூடி.
பெயர் சன்னாசி. அதே ஆலை, அதே கொதிகலன்.
அடையாள அட்டையை மேசையில் வைத்தார்.
நீலமில்லை. பச்சை.
பிரேமளாவின் விரல் ஒரு கட்டத்தின் மேல் நின்றது.
"சுற்றுலா வரி, அண்ணே. இரவுக்குப் பத்து.
சிஸ்டம் கேக்குது."
"நான் பொறந்தது மூணு கல் தள்ளி,
தோட்டத்து ஆஸ்பத்திரியில."
"அதுக்கு இதுல இடமில்லண்ணே."
அஞ்சு இரவு. ஐம்பது வெள்ளி. தனி ரசீது.
எண்ணி வைத்துவிட்டு அவர் சிரித்தார்.
"கட்டியாச்சுல்ல, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய்ச்
சுத்திக் காட்டும்மா."

உங்கள் கம்பெனி இதைத் திருப்பித் தருமா என்று கேட்டேன்.
"நான்தாங்க கம்பெனி."

புதன் முழுக்க அறையில் இருந்தேன்.
குளிர்சாதனம் இருபத்து நான்குக்குக் கீழே இறங்கவில்லை.
ஜன்னலில் ரயில் பாதை, அதற்கப்பால் வரிசை வரிசையாகச் செம்பனை.
வியாழன் இரவுக்கு நூற்றுப் பதினெட்டு;
பதினெட்டு என் கணக்கு.

வெள்ளி காலை ஆலைப் புகைபோக்கியில் புகை.
சன்னாசி முடித்துவிட்டார் என்று அதில் தெரிந்தது.
புறப்படும்போது
பிரேமளா இழுப்பறையிலிருந்து முன்பணத்தைத் தந்தாள்.
என் தாள் இல்லை.
ஒட்டுத்தாள் இல்லை,
ஓரத்தில் தீப்பொறி விழுந்த சின்ன ஓட்டை.
ஐம்பதுதானே, நான் எதுவும் சொல்லவில்லை.

மேடையில் ஐம்பது கட்டிகளையும் அடுக்கினேன்.
ஆயிரத்துக்குப் பதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு காட்டியது.
திருகித் திருத்தி, முத்திரை ஒட்டி,
வண்டிக்குள் அமர்ந்து செலவுப் படிவத்தை நிரப்பினேன்.
சுற்றுலா வரி: பொருந்தாது.
புதன்கிழமைக்கு எதிரே
காத்திருந்தேன் என்று எழுதினேன்.
அதற்கு ஒரு குறியீடு இருக்கிறதாம்,
மிஸ் யோங் தொலைபேசியில் சொன்னார்:
நானூற்று ஏழு.