பொறிவலை

கார்த்திகை மழையில் ஒரு பொறி
நூற்றுப் பதினேழு ஷீட்டைத் தின்றது.
என்னுடையது எண்பது.
மிச்சம் முப்பத்தேழு ஏசுவடியானுடையது.
ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாங்கினார், இரண்டு தரம் எண்ணினார்.
அப்புறம் என் வாசல் வழியாகவே
வேறு புகைப்புரைக்கு ரப்பர் சுமந்தார்.

புகைப்புரைத் தீயை
அணையவும் விடக்கூடாது, எரியவும் விடக்கூடாது.
நாலு நாள் அது முனகிக்கொண்டே கிடக்கணும்.
நடுவில் ஒரு செரட்டை வெடித்தால் போதும்.

குலசேகரம் வெல்டிங் பட்டறையில்
ஆறாயிரம் என்றான் பையன்,
அதுவும் கிறிஸ்துமஸ் கழிஞ்சு.
சொந்தமாச் செஞ்சா என்ன என்றேன்.
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"அக்கா, அது உங்களுக்கு ஆவாது" என்றான்.

ஆகாதுதான்.
எனக்குத் தெரிந்த இரும்பு வேலை
பால்வெட்டும் கத்தியைத் தீட்டுவது மட்டும்.

முதலில் அட்டையில் செய்தேன்,
ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி.
அடுப்பு வாய்க்கு முன் நிறுத்திப் பார்த்தால்
விறகு தள்ளக் கை போகவில்லை.
நாலு விரல் கூட்டினேன்.
தப்புவதென்றால் அட்டையில் தப்பணும்.

மூடிப்போன மருந்துக்கடையின் ரேக்கு
ஆக்கர் கடையில் கிலோக் கணக்கில் கிடந்தது.
ஆங்கிள் முழுக்க ஓட்டை ஓட்டையாய்,
எவனோ எனக்காகவே துளையிட்டு வைத்த மாதிரி.
நட்டு, போல்ட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
பற்றவைப்பே வேண்டாம்.

காலுக்கு மட்டும் ஒரு வளைவு வேண்டியிருந்தது.
ஹேக்ஸாவால் முக்கோணம் ஒன்று அறுத்தெடுத்து
அயனிமரக் கவட்டில் ஆங்கிளைச் சொருகி
மறுமுனையில் தொங்கினேன்.
என் அறுபத்தெட்டு கிலோ
முதல்முறையாக ஓர் உபகாரம் செய்தது.

வலை, மணல் சலிக்கிற வலை.
பளபளக்கிறதை எடுக்கவில்லை,
துத்தநாகம் சூட்டில் நஞ்சு கக்குமாம்.
பூசாத கறுப்புக் கம்பி.
வெட்டிய ஓரத்தில் ஒவ்வொரு நுனியும் முள்,
உள்ளங்கை பூராவும் கீறல்.
பிறகுதான் உறைத்தது:
பாவாடைக்கு ஓரம் மடிக்கிற அதே வேலை,
துணிதான் கொஞ்சம் முரடு.
மடக்கி, மேலே பட்டை வைத்து,
கட்டுக்கம்பியால் தைத்தேன்.

மார்த்தாண்டத்தில்
சைலன்சருக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்ட் ஒரு டின்.
எந்த வண்டிக்கு என்று கேட்டான்.
ஓடாத வண்டிக்கு என்றேன்.

முதல் ராத்திரி
வேண்டுமென்றே ஒரு கை செரட்டை போட்டேன்.
படபடவென்று வெடித்தது.
வலையில் வந்து முட்டிய ஒவ்வொன்றும்
ஒரு நொடி கண்ணாய் விழித்து
கறுத்து விழுந்தது.
பொறி என்றால் தீத்துளி, பொறி என்றால் கண்ணி.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த ஆளுக்கும்
எங்கேயோ ஒரு புகைப்புரை இருந்திருக்கணும்.

ஒன்றே ஒன்று
இடது கீழ்மூலையில் நழுவி
சிமெண்ட் தரையில் எறும்பு மாதிரி ஓடி அணைந்தது.
அங்கே ஒரு போல்ட்டை மிச்சம் பிடித்திருந்தேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அப்போதே முடுக்கினேன்.
வலதுகைப் பெருவிரலில் அந்தத் தழும்பு இருக்கிறது.

தை பிறந்து ஒரு விடியல்
சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார் ஏசுவடியான்.
வலை முன்னால் குந்தி
வெகுநேரம் பார்த்தார்.
"இடப்பக்கம் சாஞ்சிருக்கு."
"தரைதான் சாஞ்சிருக்கு" என்றேன்.
வெளியே போய் ஓட்டுச்சில் ஒன்று தேடி வந்து
காலடியில் செருகினார்.
ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

கேரியரிலிருந்து ஷீட்டுக்கட்டை இறக்கினார்.
இருபது.
ஒவ்வொன்றாய் உதறி விரித்து
தீக்கு ஆகத் தூரமான
கடைசி மூங்கிலில் போட்டார்.