எங்கள் பங்கு நானூறு

ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில்
டில்லிபாபு கோடு போட்டான்.
ஓசூர், திருச்சி, கோயம்புத்தூர்.
மேலே வாடகை, தண்ணீர், வேலை, ஆஸ்பத்திரி.
கடைசிக் கட்டத்தில்
நான் சொல்லி, காற்று.
எர்ணாவூரையும் எழுது என்றேன்.
எதுக்கு, இங்கதான இருக்கோம்.
இருந்தாலும் எழுது.
எழுதினான்.
காற்றுக்கு நேரே வந்ததும்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

இரவு ஒன்பதுக்கு மேல் வாடை வரும்.
சில நாள் அழுகிய முட்டை.
சில நாள் கியாஸைத் திறந்துவிட்ட மாதிரி.
கல்யாணமாகி வந்த புதிதில்
எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன்.
இந்த ஆடியில்
அரக்கோணத்திலிருந்து வந்த தங்கச்சி
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு
இன்னாக்கா இது என்றாள்.
சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.
எது, என்று கேட்டேன்.
அன்றைக்குத்தான் பயம் வந்தது.
ஐந்தாம் மாதம்.

கோயம்புத்தூரில் வீடு அழகு.
மாடியில் நின்றால் மலை.
வீட்டுக்காரர் எந்த ஊர் என்றார்.
சென்னை.
சென்னையில் எங்கே?
எண்ணூர் பக்கம்.
பக்கம் என்றால்?
ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாகக் கேட்டுக்கொண்டே போய்
கறி சமைப்பீங்களா என்பதில் வந்து நின்றார்.
திரும்புகையில் பேக்கரியில் டீ குடித்தோம்.
டீ நன்றாகத்தான் இருந்தது.

கன்டெய்னருக்கு சீல் பார்க்கிறவனுக்குத்
திருச்சியில் என்ன வேலை?
அதை அடித்துவிட்டோம்.
ஓசூரில் ஒரு கிடங்கு கூப்பிட்டது,
சம்பளம் மூவாயிரம் குறைவு.
அங்கே காலையில் குளிர்ந்தது.
ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் வேன் ஏறினார்கள்.
நின்று எண்ணினேன்.
பதினாறு பேர்.
ஒருத்தரும் இருமவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மிஷின் உண்டு.
மூச்சு இழுக்கிற பிள்ளைகளுக்கு
மருந்தைப் புகையாக்கித் தரும்.
ஏழு வீடு சேர்ந்து வாங்கினோம்,
எங்கள் பங்கு நானூறு.
அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை.
பொறக்காமலா போவுது என்று
ரெஜினா கையை நீட்டினாள்.
மாஸ்க்கில் பச்சைத் தவளை முகம்.
யாரிடம் இருக்கிறது என்று எழுதிவைப்பதில்லை.
எந்த வீட்டில் ர்ர்ர் என்று கேட்கிறதோ
அங்கே இருக்கிறது.

கட்டங்களைக் கூட்டிக்கொண்டிருந்த இரவு
மாசிலாமணி கதவைத் தட்டினான்.
மாஸ்க்கை வெந்நீரில் கழுவி
நான்தான் வைத்திருந்தேன்.
வாங்கிக்கொண்டு ஓடினான்,
வயர் தரையில் இழுபட.
டில்லிபாபு கதவைச் சாத்தவில்லை.
அங்க போனா இது தேவைப்படாது.
தேவைப்பட்டா?
கடையில விக்கிது.
ஆமா, விக்கிது.
நாலாவது வீட்டில் சத்தம் ஆரம்பித்தது.
அது நிற்கும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

ஓசூருக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது.
பிரசவம் இங்கே, ராயபுரத்தில்.
மூன்றாம் மாதம் கிளம்புகிறோம்.
சர்டிபிகேட்டில் பிறந்த இடம் சென்னை என்றிருக்கும்.
சென்னையில் எங்கே என்று
எவராவது கேட்கத்தான் கேட்பார்.
சும்மா சென்னைன்னு சொன்னா போதும்,
டில்லிபாபு இப்போதே பாடம் எடுக்கிறான்
என் வயிற்றுக்கு.
நான் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதாக இல்லை.

நேற்று ரெஜினா வந்தாள்.
நாலு நூறு ரூபாய்த் தாள், ரப்பர் பேண்ட் போட்டு.
உங்க பங்கு, என்றாள்.
எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.
தாள்களை அவள் கையிலேயே வைத்து அழுத்தினேன்.
ஃபில்டர் கறுத்துப் போயிருக்கு,
இதுல ஒண்ணு வாங்கி மாத்து.
அவள் பணத்தைப் பார்த்தாள்,
அப்புறம் என் வயிற்றை.

மாத்தி ஒரு மாசம்தான் ஆவுது, என்றாள்.