எழுபத்தைந்து

அபர்டீனில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
குளிர்பெட்டிக்குள்
நார்த் ரொனால்ட்சே தீவிலிருந்து வந்த பதினொரு குப்பிகள்,
ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டின் மூத்திரம்.
எட்டாவதன் மூடியில் பென்சில் எழுத்து:
"கிழடு. உதைப்பாள். பிடிக்க இரண்டு நாள்."
சிபெல்லா ஸ்வானியின் கை.

அந்தத் தீவைச் சுற்றி ஆளுயரக் கல்மதில்,
கடலைத் தடுக்க அல்ல,
ஆடுகளைக் கடலோடு நிறுத்திவைக்க.
புல் உள்ளே, மாடுகளுக்கு.
வெளியே பாறை, அலை,
நீர் வற்றும் நேரத்தில் பாசி.
கடிகாரம் கட்டாமலே நேரத்துக்கு இறங்கி
தாடையில் உப்பு வழிய மெல்கின்றன.

பாசியில் ஆர்சனிக் உண்டு. நிறையவே உண்டு.
போன கோடையில் ஒரு செய்தித்தாள்
மொத்த எண்ணை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டது.
கறி வாங்குகிறவர் போனை வைத்துவிட்டார்.
சிபெல்லா எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரி:
விஷமா, இல்லையா?

மொத்தம் என்பது சோம்பேறிக் கணக்கு.
படகிலிருந்து இறங்கியவர்கள் நூறு பேர் என்று சொல்லும்;
அதில் கொலைகாரன் எத்தனை,
கைக்குழந்தை எத்தனை என்று சொல்லாது.

ஆகவே ஒரு மெல்லிய குழாய்,
உள்ளே மாவாய்ப் பொடித்த பிசின்.
ஒரு துளியைத் தள்ளிவிடுகிறேன்.
சர்க்கரையைக் கட்டிக்கொண்ட ஆர்சனிக்
யாரையும் கண்டுகொள்ளாமல் வழுக்கிப் போகும்.
இரண்டு மெத்தில்களின் கையைப் பிடித்தது
சற்றே தயங்கி வரும்.
துணையில்லாத ஐந்தாம் நிலைக்காரன்
ஒவ்வொரு துகளிலும் ஒட்டி, பிய்ந்து, ஒட்டி
கடைசியில்.

குழாய் முடிந்த இடத்தில் ஆர்கான் சுடர்,
சூரியத் தோலைவிடச் சூடு.
அங்கே சர்க்கரை எரியும், மெத்தில் எரியும்,
யாரோடு வந்தாய் என்பதற்குச் சாட்சியே இருக்காது.
மிஞ்சுவது ஓர் எடை: எழுபத்தைந்து.
எப்போது வந்தாய் என்பதை வைத்துத்தான்
யாராக இருந்தாய் என்று எழுதுகிறேன்.

இதிலும் ஒரு கள்ளன்.
கடலுப்பின் குளோரின் முப்பத்தைந்து,
சுடரின் ஆர்கான் நாற்பது,
இரண்டும் தோளில் தோள் ஏறி நின்று
நானும் எழுபத்தைந்து என்கும்.
முதல் வருடம் அதை நம்பி
ஒரு முழு மாதத்தைக் குப்பையில் போட்டேன்.

எட்டாம் குப்பி.
மெத்தில் ஜோடி வரும் நிமிடத்தில் ஒரு மலை.
கொல்கிறவன் வரவேண்டிய இடத்தில்
தரையின் நடுக்கம், அவ்வளவுதான்.
பத்தொன்பதாம் நிமிடத்தில் மட்டும்
யாருக்கும் பொருந்தாத சிறு மேடு.
என்னிடமுள்ள எந்தப் பெயரும் அதற்கு அளவாயில்லை.
சர்க்கரையாய் உள்ளே போனதை
அந்தக் கிழட்டு உடம்பு
வேறென்னவோ செய்து அனுப்பியிருக்கிறது.

"இல்லை" என்று எழுதிக் கிழித்தேன்.
"என் கருவி காணும் எல்லைக்குக் கீழே" என்று எழுதினேன்,
அதைப் படித்து யார் கறி வாங்குவார்கள் என்று
எனக்கே தெரிந்திருந்தும்.
மேட்டைப் பற்றியும் எழுதினேன்.

பதில் பத்து நாளில்:
"எட்டாமவள் அந்த வாரம் மதில் இடிந்த வழியாக ஏறி
பக்கத்து வீட்டுத் தோட்டத்தைத் தின்றாள்.
உன் மேடு கோஸாக இருக்கலாம்.
இன்னொன்று பிடித்து அனுப்புகிறேன்."

கோஸ் இல்லை அது, பெரும்பாலும்.
ஆனாலும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

பன்னிரண்டாம் குப்பி இன்று வந்தது.
மூடியில்:
"இந்த முறை இடது முழங்கால்."